அஞ்சலாட்சி கழுவிய ஜாடிகள்

மீன் ஊறிய ஜாடியில் சர்க்கரை கொட்டி வைக்கலாம் என்று உப்பளம் அஞ்சலாட்சி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆனால் அந்த ஜாடியை அவளே கழுவியிருக்க வேண்டும். வேறு யாராவது கழுவியது என்றால் சர்க்கரையும் போச்சு, விருந்தாளி முன்னால் மானமும் போச்சு. புதுச்சேரியில் இது தெரிந்தவர்கள் ஐம்பது பேராவது இருந்தார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் அவள் கழுவிக் கொடுத்த ஜாடிகள் இருந்தன. இருந்தும், அவள் மேல் பழி விழுந்த அன்றைக்கு அத்தனை பேரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அஞ்சலாட்சியின் புருஷன் கண்ணையன் பஞ்சாலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன். பஞ்சுத் தூசு நெஞ்சில் ஏறி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்ததும் ஆலை அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதன் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் கையால்தான். கால்வாய்க்குக் கிழக்கே ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவப் போனாள். அங்கேதான் அந்த ஜாடிகளை முதன்முதலாகப் பார்த்தாள். கனத்த கண்ணாடி, கண்ணாடியிலேயே மூடி, மூடியை இழுத்துப் பிடிக்க ஒரு கம்பிக் கொக்கி, நடுவே காற்றுப் புகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம். ஒன்றில் எண்ணெயில் ஊறிய மீன், ஒன்றில் காடியில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சு, ஒன்றில் பழப்பாகு. வளையத்தின் ஓரத்தில் நாக்குப்போல் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். குசினிக்காரர் சின்னக்கண்ணுவுக்கு எழுத்து வராது. அவர் அந்த நாக்கில் கத்தியால் வெட்டு வைப்பார். காடி ஜாடியின் வளையத்துக்கு ஒரு வெட்டு, மீன் ஜாடிக்கு இரண்டு வெட்டு, பழப்பாகுக்கு ஒன்றுமில்லை. "வளையம் மாறிச்சுன்னா மதாம் என் தலைய எடுத்துடும்" என்பார். துரையின் பெண்சாதியைத்தான் மதாம் என்பார்கள்.

ஐம்பத்து நாலில் கொடி மாறியது. அடுத்த வருஷம் துரை குடும்பம் கப்பலேறியது. போகும்போது மதாம் பட்டுத் திரைகளையும் பியானோவையும் விற்றுவிட்டு, யாரும் வாங்காத ஜாடிகளை இரண்டு கூடை நிறைய அஞ்சலாட்சிக்குக் கொடுத்தார். ஒன்பது வருஷம் பாத்திரம் தேய்த்ததற்குக் கிடைத்தது அதுதான். இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டு அந்தத் தெருவே மதாமைப் புகழ்ந்தது.

கூடையை வீட்டில் இறக்கி, ஒரு ஜாடியில் புளியைப் போட்டு வைத்தாள். மூன்றாம் நாள் குழம்பை வாயில் வைத்த கண்ணையன் முகத்தைச் சுளித்தான். "இன்னா அஞ்சலா, துரை வூட்டு மீனு நம்ம புளியில நீந்துது."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம் அந்த நாற்றத்தை ஊரான் வீட்டில் கழுவியது போதாதா, சொந்தப் புளியிலுமா வந்து உட்கார வேண்டும்? அந்தக் கோடை முழுக்க ஜாடிகளோடு மல்லுக்கு நின்றாள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு என்று கண்டுபிடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இளகிக் கண்ணாடி முழுக்கப் பூசிக்கொள்ளும். முதலில் தண்ணீரே காட்டக் கூடாது. சலித்த அடுப்புச் சாம்பலை உலர்வாகப் போட்டுக் குலுக்கிக் கொட்ட வேண்டும், சாம்பல் சாம்பலாகவே வெளியே வரும்வரை. பிறகுதான் சோடா உப்புப் போட்ட வெந்நீர். பிறகு கடுகைப் பச்சையாக அரைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஜாடியின் கழுத்துவரை ஊற்றி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். சுண்ணாம்பு போகாத சந்திலும் கடுகு போகும் என்பாள். காலையில் அலசி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே வாய் கீழே இருக்கும்படி சாய்த்து, காற்று உள்ளே போய் வரும்படி வெயிலில் வைக்க வேண்டும். தரையோடு கவிழ்த்து வைத்தால் அத்தனை பாடும் வீண்.

இதோடு முடிந்துவிட்டது என்று விடமாட்டாள். உச்சி வெயிலில் மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் ஜாடியைத் தெருவில் வைப்பாள். ஒளிந்திருக்கிற நாற்றம் சூட்டில் எழுந்து வரும். திறந்த உடனே மூக்கை வைத்துப் பார்த்து, துளி சந்தேகம் இருந்தாலும் மறுபடி கடுகுத் தண்ணீர். கண்ணாடி மனது வைத்தால் திருந்தும். திருந்தாதது ரப்பர் மட்டும்தான். வேகவைத்தாள், சாம்பலில் புதைத்தாள், எலுமிச்சை தேய்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. மீன் வாசனை ரப்பரின் எலும்பு வரை ஏறியிருந்தது. கடைசியில் வளையங்களைக் கொல்லைப்புறக் குப்பையில் எறிந்துவிட்டாள்.

அந்த வருஷங்களில் துரைமார் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. பழைய சாமான் வாங்கி விற்கும் அம்மாவாசை வண்டி வண்டியாக ஜாடிகளைக் கொண்டுவந்தான். எல்லாம் ஏதாவது ஒன்று நாறும். அஞ்சலாட்சி கழுவிக் கொடுத்தாள். மிட்டாய்க்கடை, நாட்டுமருந்துக் கடை, கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் என்று ஒவ்வொருவராக அவளிடமே நேராக வந்தார்கள். யாருக்குக் கொடுத்தாலும் ஒரே முறைதான். ஜாடி திறந்தே இருக்கும். மூடியை வாழைநாரில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். வளையம் இருக்காது. "பழைய ரப்பர் மட்டும் போடாதீங்க. வெள்ளைத் துணிய மடிச்சுச் சுத்தி மூடுங்க. இல்லன்னா புதுசா வாங்கிப் போடுங்க" என்று மறக்காமல் சொல்லி அனுப்புவாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் அவளுக்கு ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. ஊருக்குள் இருந்த ஒரு பெண்கள் விடுதியில் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் செல்வாம்பாள். எதையும் மோந்து பார்த்துத்தான் வாங்குவார். அஞ்சலாட்சியிடம் இரண்டு ஜாடி வாங்கிப்போய் ஒன்றில் ஏலக்காயும் ஒன்றில் வெல்லமும் வைத்து ஒரு மாதம் பார்த்தார். பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"எங்க சாமான் ரூம்புல நூறு ஜாடி கெடக்குது. எதுல எது இருந்துதுன்னு சாமிக்குத்தான் தெரியும். சித்திரை ஒண்ணாந்தேதிலேருந்து நிரந்தரமா வந்துடு. மாசச் சம்பளம். ஒன் வூட்டுக்காரரையும் பெரியாஸ்பத்திரில காட்ட நான் எழுதித் தரேன்."

அன்று அஞ்சலாட்சி வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணையன் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. இருமினாலும் சிரிப்பை விடவில்லை.

இந்த இடத்தில்தான் காப்பிக்கடை பலராமன் வந்து சேர்கிறார். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கொட்டை வறுத்து அரைக்கும் கடை. கடையை எடுப்பாக்க வேண்டும் என்று அஞ்சலாட்சியிடம் பன்னிரண்டு ஜாடி வாங்கி, தூள் நிரப்பி, முன்பக்கப் பலகையில் வரிசையாக வைத்தார். அவளிடம் வாங்கியதாக யாரிடமும் சொல்லவில்லை. "பாரீசு சாமான்" என்று சொல்லிக்கொண்டார். அதைக்கூட விட்டுவிடலாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தலையில் கூடையோடு அந்த வழியாகப் போனவளைக் கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார். கூப்பிட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஏய், இங்க வா. இன்னா ஜாடி குடுத்த நீ? காப்பி கருவாடு மாதிரி நாறுது. மூணு பேரு திருப்பிக் குடுத்துட்டான்."

"நாறாதுங்க மொதலாளி. நான் வெயில்ல வச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்."

"நீ பாத்தா? ஒனக்கு எப்படித் தெரியும் நாத்தம்? ஜாடியில இல்லம்மா நாத்தம், கழுவுன கையில இருக்குது. உப்பளத்துக் கருவாட்டுக் கை. அந்தக் கையால தொட்டா கங்கைத் தண்ணியும் நாறும். என் புத்திய சொல்லணும், உங்கிட்ட போயி வாங்கினேன் பாரு."

நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். மிட்டாய்க்கடைக்காரர் எதிரேதான் இருந்தார். அவர் கடையில் அவள் கழுவிய ஜாடிகள் எட்டு இருந்தன, எட்டிலும் கல்கண்டு. அவர் ஈ ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நாட்டுமருந்துக் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். கருவாடு தின்னாத நாக்கு அந்தத் தெருவில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பலராமனே ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். அவர் தின்றால் ருசி, இவள் தின்றால் நாற்றம். என்ன நியாயம் இது?

"இந்தா, நீயே மோந்து பாரு" என்று ஒரு ஜாடியை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கூடையில் வைத்தாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சு விடுதிக்குப் போய்விட்டது. சாயங்காலமே ஆள் வந்தது. சித்திரை ஒண்ணாம் தேதி வர வேண்டாமாம், கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லி அனுப்புகிறார்களாம். அந்தக் கொஞ்ச நாள் என்றைக்கும் வராது என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும்.

இரவுச் சோறு போட உட்கார்ந்தவள், கரண்டியை எடுக்கும் முன் தன் உள்ளங்கையை மூக்கின் அருகே கொண்டுபோனாள். கண்ணையன் பார்த்துவிட்டான்.

"இன்னா பண்ற நீ?"

"ஒண்ணுமில்ல."

"ஒன் கைய நீயே மோந்து பாக்கிறியா? அவன் சொன்னான்னு?" கண்ணையனுக்கு மூச்சு இரைத்தது. "பதினெட்டு வருசமா இந்தக் கையால தின்னவன் நான். என்னைக் கேளு. மோக்கிறதா இருந்தா அந்த ஜாடிய மோந்து பாரு."

அதுவரை அவள் ஜாடியைத் திறக்கவே இல்லை. அவமானத்தில் தோன்றவில்லை. எடுத்துக் கொக்கியைத் தள்ளினாள். நாற்றம் முகத்தில் அடித்தது. மூடியைத் தூக்கி விளக்கருகே பிடித்தாள். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அவள் கொடுக்காத வளையம். அதன் நாக்கில் அடுத்தடுத்து இரண்டு வெட்டு. மீன் ஜாடிக்கென்று சின்னக்கண்ணு கத்தியால் வைத்தது.

மறுநாள் விடிந்ததும் கொல்லைப்புறக் குப்பையைக் கிளறினாள். ஒரு வளையமும் இல்லை. நேராக அம்மாவாசை வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"குப்பைதானேக்கா. வீணாப் போவுதேன்னு எடுத்தேன். காப்பிக்கடைக்காரரு துணி சுத்தினா பாக்க நல்லால்ல, ரப்பர் இருக்குதான்னு கேட்டாரு. நான் குடுத்தது தப்பாக்கா?"

"தப்பு ஒன்னது பாதி, என்னுது பாதி. அறுத்துப் போட்டிருக்கணும் நான். முழுசா போட்டேன் பாரு, என் தலையெழுத்து. சனிக்கெழம மத்தியானம் கடைத்தெருவுக்கு வந்து இதச் சொல்லுவியா?"

அம்மாவாசை கும்பிட்டான். பலராமன் கடையில்தான் அவன் சாக்கு வாங்கி விற்கிறானாம், பிழைப்பில் மண் விழுந்துவிடுமாம். சரிதான். அவன் பிழைப்பில் மண் விழக் கூடாது, அவள் பிழைப்பில் மலையே விழலாம். அஞ்சலாட்சி அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் செல்வாம்பாள் விடுதிக்குக் காப்பித்தூள் வாங்க பலராமன் கடைக்கு வருவார். அந்த நேரம் பார்த்து அஞ்சலாட்சி போனாள். ஒரு குடம் வெந்நீர், சாம்பல் முடிச்சு, சோடா உப்பு, அரைத்த கடுகு, ஒரு பித்தளைச் சொம்பு, அந்த ஜாடி. கடைப் படியில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தாள்.

"செல்வாம்பா அம்மா, ஒரு மணி நேரம் எனக்காக நில்லுங்க. அதுக்கப்புறம் நீங்க என்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

செல்வாம்பாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிழலில் ஒதுங்கி நின்றார். பலராமன் வெளியே வந்தார்.

"கடை வாசல்ல இன்னா கூத்து இது?"

"இன்னொரு ஜாடி குடுங்க மொதலாளி. நாறுதுன்னு சொன்னீங்கல்ல, அதுல ஒண்ணு."

பெரிய வாடிக்கைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு ஜாடியை எடுத்து, தூளைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார். அஞ்சலாட்சி இரண்டு வளையங்களையும் கழற்றித் தனியே வைத்தாள். பிறகு எல்லோர் கண் முன்னாலும், எந்தக் கையைக் கருவாட்டுக் கை என்றாரோ அதே கையால், இரண்டு ஜாடிகளையும் கழுவினாள். சாம்பல், சோடா, கடுகு. ராத்திரி முழுக்க ஊற நேரமில்லை என்பதால் கடுகை விரலாலேயே கழுத்துச் சந்து வரை தேய்த்தாள். துடைத்துக் காயவிட்டாள். ஒரு ஜாடிக்கு அதன் வளையத்தை மாட்டி மூடினாள். இன்னொன்றை வெறுமே மூடினாள். மிச்சமிருந்த வளையத்தைச் சொம்பில் போட்டு வாழையிலையால் வாயைக் கட்டினாள். மூன்றையும் தார் உருகும் வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். நிழலுக்கு வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டாள்.

கூட்டம் சேர்ந்தது. அன்று சிரித்தவர்களும் வந்தார்கள். மிட்டாய்க்கடைக்காரர் ஈ ஓட்டுவதை நிறுத்தினார்.

மணிக்கூண்டில் ஒரு மணி அடித்தது. அஞ்சலாட்சி ஒதுங்கிக்கொண்டாள். "நான் தொடல. நீங்களே தெறங்கம்மா."

செல்வாம்பாள் வெறும் ஜாடியைத் திறந்து மூக்கை வைத்தார். மறுபடி வைத்தார். "ஒண்ணும் இல்ல." வளையம் போட்ட ஜாடியைத் திறந்தவர் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார். சொம்பின் இலையைப் பிரித்ததும் பக்கத்தில் நின்றவர்களே மூக்கைப் பொத்தினார்கள்.

"ரெண்டும் நான் கழுவினதுதான்" என்றாள் அஞ்சலாட்சி. "கையில நாத்தம் இருந்தா ரெண்டுமே நாறணுமே?"

பலராமன் தொண்டையைச் செருமினார். "ரப்பர் நீ குடுத்ததுதானே. ஜாடியோட வந்துது."

செல்வாம்பாள் திரும்பினார். "எனக்குக் குடுத்ததுல ரப்பர் இல்லையே பலராமன். பழைய ரப்பர் போடவே போடாதீங்கன்னு சொல்லித்தானே குடுத்தா. உங்களுக்கு மட்டும் எப்படி வந்துது?"

"எனக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தா" என்றார் மிட்டாய்க்கடைக்காரர். நாலு நாள் கழித்து அந்தக் கொழுக்கட்டை வாயிலிருந்து இறங்கியது.

பலராமனுக்கு வழி அடைத்துவிட்டது. பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி கையை வீசினார். "சரி, ரப்பர்தான்னு வச்சுக்க. இன்னா இப்போ? போனது போவட்டும். எல்லா ஜாடியையும் எடுத்துட்டுப் போயி மறுபடி கழுவிக் கொண்டா."

போனது போகட்டுமாம். அவர் வாயிலிருந்து போனது எங்கே போய் விழுந்தது என்று அவருக்கு என்ன தெரியும்? அது ராத்திரிச் சோற்றுப் பானை வரை போனது. அஞ்சலாட்சி இரண்டு படி ஏறினாள். வலது கையை விரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

"ஏய், இன்னா இது?"

"ஜாடியப் பத்தி நீங்க சொல்லல மொதலாளி. கையப் பத்திச் சொன்னீங்க. கைய மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

பலராமன் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். செல்வாம்பாள் காப்பித்தூள் வாங்காமல் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அந்தப் பெரிய மூக்கு குனிந்தது.

"கடுகு" என்று முனகினார்.

"தெருவுக்குக் கேக்கல. அன்னைக்குக் கேட்டுது."

"கடுகு வாசனைதான். கையில நாத்தம் இல்ல." இந்தமுறை மிட்டாய்க்கடை வரைக்கும் கேட்டது.

"ஜாடி உங்களுது. நீங்களே வச்சுக்கங்க. வளையம் என் வூட்டுக் குப்பை, அதக் குடுங்க" என்றாள். பன்னிரண்டு வளையங்களையும் வாங்கி, அவர் வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குவெட்டியையே எடுத்து ஒவ்வொன்றாக நறுக்கினாள். அவசரமே படவில்லை. நறுக்கி முடித்துப் பாக்குவெட்டியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

செல்வாம்பாள் தெருமுனை வரை கூடவே வந்தார். "ஒரு பேச்சக் கேட்டு உன்ன வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். மனசுல வச்சுக்காத. ஒண்ணாந்தேதி வந்துடு."

"வரேம்மா. ஆனா என்னைப் பத்தி இன்னொரு பேச்சு வந்தா மொதல்ல என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க." செல்வாம்பாள் தலையாட்டினார்.

விடுதியில் அவள் வெகுகாலம் வேலை பார்த்தாள். கண்ணையனுக்குப் பெரியாஸ்பத்திரி மருந்தில் கொஞ்சம் மூச்சு வந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில்கூட பலராமன் ஒருமுறை ஜாடி கழுவித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவள் வந்தவனுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

அதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், கண்ணையனிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வேண்டுமென்றே இரண்டு துண்டு கூடப் போட்டாள். அவனுக்குப் போட்டுவிட்டு, தானும் உட்கார்ந்து கை நிறையப் பிசைந்து சாப்பிட்டாள். எழுந்து போய்க் கை கழுவினாள். கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மோந்து பார்க்காமல், பாயை எடுத்து விரித்தாள்.